காலை 11 மணிக்கே ‘நிறைந்துவிடும்’ பேட்டரி

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் என் சொற்களில் எழுதிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பழையதாக வாங்கிய கேம்பர்வேன், கோலாலம்பூரில் உங்கள் கொண்டோவின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. கூரையில் 150 வாட் சோலார் தகடுகள் இரண்டு, தகட்டின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளந்து விடும் எளிய வகையான ஒரு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், பின்னிருக்கைக்கு அடியில் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரிகள் இரண்டு. நீங்களும் துணைவியாரும் பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறீர்கள். காலை 11 மணிக்கே கன்ட்ரோலரில் ‘ஃப்ளோட்’ என்று வந்துவிட்டது, அதாவது பேட்டரி நிறைந்துவிட்டதாக அது சொன்னது. ஆனாலும் மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மூன்றாவதாக ஒரு பேட்டரியைச் சேர்க்கலாமா, அல்லது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லித்தியத்துக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ‘ஃப்ளோட்’ என்று வந்த அந்தச் செய்தியை நம்பியதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கணிப்பு. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மாலை 7 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை ஒன்பது மணி நேரம். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பாதி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 200 வாட்-மணி. 25 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் இன்னொரு 200. விளக்கும் இரண்டு கைப்பேசிகளும் சேர்ந்து 80. மொத்தம் 480 வாட்-மணி. 12 வோல்ட்டில் அது 40 ஆம்பியர்-மணி. உங்களிடம் இருப்பதாகச் சொல்லப்படுவது 200 ஆம்பியர்-மணி. ஐந்தில் ஒரு பங்கை எடுத்ததற்கே பேட்டரி படுத்துவிட்டது என்றால், ஒன்று அது நிறையவே இல்லை, அல்லது அது இப்போது 200 ஆம்பியர்-மணி பேட்டரி இல்லை.

இனி காலைக் கணக்கு. நம் கடிகாரம் சூரியனை விட வெகுவாக முந்தி ஓடுகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது; அதன் பயனாகப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் 12 மணிக்கன்று, ஏறக்குறைய 1.15-க்கு. ஆகவே நீங்கள் 11 மணி என்று பார்த்தபோது சூரியனின் கணக்கில் காலை பத்து மணிகூட ஆகவில்லை. வானம் தெளிவாக இருந்தாலும் விடிந்தது முதல் அந்த நேரம் வரை தகட்டில் விழும் ஒளி, முழு வெயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக அடித்ததற்குச் சமம். உங்கள் இரண்டு தகடுகளும் முழு வெயிலில் தருவது சுமார் 16 ஆம்பியர். அப்படியானால் 11 மணிக்குள் வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி. அதில் ஆறேழு ஆம்பியர்-மணியை ஃபிரிட்ஜே குடித்திருக்கும். இரவில் 40 எடுத்த பேட்டரிக்குக் காலையில் 14 கொடுத்துவிட்டு ‘நிறைந்துவிட்டது’ என்று சொல்வது, அரை வயிற்றுக்குச் சாப்பிட்டவனைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்புவது போன்றது.

கன்ட்ரோலர் பொய் சொல்லும் நோக்கத்தோடு சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே உண்மை, தன் முனைகளில் உள்ள வோல்ட்டேஜ். அது 14.4-ஐத் தொட்டதும் அந்த அளவிலேயே நிறுத்திப் பேட்டரியை நிரப்பும் ‘அப்ஸார்ப்ஷன்’ கட்டத்தைத் தொடங்குகிறது. மலிவான கருவிகளில் அதற்கு இரண்டு மணி நேரம் என்று நிரந்தரமாக ஒரு கெடு வைத்திருப்பார்கள். கெடு முடிந்ததும் 13.7 அளவுக்கு இறங்கி ‘ஃப்ளோட்’ என்கிறது. வோல்ட்டேஜ் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்கள் வண்டியில் இரண்டுமே இருக்கின்றன என்று நான் சந்தேகிக்கிறேன்.

முதலாவது ஒயர். பட்டர்வொர்த்தில் என் வீட்டு வாசலுக்கு ஒரு வேன் இதே குறையோடு வந்தது. பேட்டரி ‘நல்ல பேட்டரிதான்’ என்று கடைக்காரர் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். சமையல் மேடைக்குக் கீழே இருந்த அலமாரியின் பின்பலகையைக் கழற்றினேன். கன்ட்ரோலரிலிருந்து கறுப்பு உறைக்குள் போன ஒயர் பார்வைக்குத் தடிமனாகத்தான் இருந்தது. முனையைச் சீவிப் பார்த்தால் உறைதான் தடிமன். உள்ளே செம்பு 2.5 சதுர மில்லிமீட்டர். அது ஒலிபெருக்கிக்கு ஓடவேண்டிய ஒயர். பேட்டரிக்கு நான்கு மீட்டர் தூரம், போக வர எட்டு மீட்டர். அந்த நீளத்துக்கு அதன் மின்தடை 0.055 ஓம். பத்து ஆம்பியர் ஓடும்போதே வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடுகிறது. கன்ட்ரோலர் 14.4 என்று பார்க்கும் நேரத்தில் பேட்டரிக்குக் கிடைப்பது 13.8. கன்ட்ரோலரைப் பேட்டரியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நகர்த்தி, 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டபின், முழு வெயிலில் 16 ஆம்பியர் ஓடியபோதும் இழப்பு 0.1 வோல்ட்டளவில் நின்றது. செலவு, ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குகூட இல்லை.

இதைச் சோதிக்க மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். நல்ல வெயிலில், பேட்டரி இன்னும் மின்னை வாங்கிக்கொண்டிருக்கும்போது, முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலும், உடனே ஓடிப்போய் பேட்டரியின் ஈய முனைகளிலும் வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரோ, ஃபியூஸ் பெட்டியோ, துருப்பிடித்த ஒரு திருகோ வழியில் உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்கிறது. ஃபிரிட்ஜ் ஒயரையும் இப்படியே பாருங்கள். ஃபிரிட்ஜ் நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது முக்கியமான தடயம். இந்த வகை ஃபிரிட்ஜ்களில் பேட்டரியைக் காப்பதற்கென்று ஒரு தடுப்பு உண்டு. உயர்ந்த நிலையில் வைத்திருந்தால் 11 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே அது ஃபிரிட்ஜை நிறுத்திவிடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் சரிவதையும் அது பேட்டரியின் சரிவாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் பேட்டரிக்குள் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி அரைகுறையாகச் சார்ஜாகி நாள்கணக்கில் கிடந்தால் அதற்குள் இருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும். அப்படிப் படிந்த பேட்டரி சீக்கிரம் ‘நிறையும்’, சீக்கிரம் தீரும். 100 என்று எழுதியிருக்கும் பெட்டிக்குள் 40 தான் இருக்கும். உங்கள் வண்டியில் இது நடந்திருக்கும் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் அந்தக் கீழ்த்தளம். அங்கே கூரைத் தகட்டுக்கு வெயில் என்பதே இல்லை. இன்வர்ட்டர், எரிவாயு உணர்கருவி, ரேடியோ, கன்ட்ரோலர் ஆகியவை சும்மா விழித்திருப்பதற்கே அரை ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 360. உங்கள் இரண்டு பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவை விட அதிகம். விடுமுறைக்கு விடுமுறை வெளியே வரும் வண்டியின் பேட்டரி, ஓடித் தேய்வதை விட நின்று கெடுவதே மிகுதி. பேட்டரி அருகிலேயே ஒரு முதன்மைச் சுவிட்ச் போட்டு, வண்டியை நிறுத்தியதும் அணைத்துவிடுங்கள். கொண்டோ நிர்வாகம் சம்மதித்தால் மாதம் ஒருமுறை மூன்று முனைச் சாதாரணப் பிளக்கில் ஏஜிஎம்முக்கு ஏற்ற சார்ஜர் ஒன்றை மாட்டி ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

பேட்டரியின் உண்மையான நிலையை அறிய, அந்தச் சார்ஜரில் முழுக்க நிறைத்தபின் இரண்டு பேட்டரிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, எதையும் இணைக்காமல் அரை நாள் கிடக்கவிடுங்கள். நல்ல ஏஜிஎம் 12.8 வோல்ட்டில் நிற்கும். ஒன்று 12.8, மற்றது 12.4 என்றிருந்தால் இளைத்தது மற்றதன் உழைப்பையும் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் சமமாக இருந்தால், ஒவ்வொன்றிலும் 2.5 ஆம்பியர் அளவுக்கு ஒரு சுமையை, பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் போதும், பத்து மணி நேரம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து அளந்துபாருங்கள். 25 ஆம்பியர்-மணி எடுத்த நல்ல பேட்டரி 12.5-ஐ ஒட்டி நிற்கவேண்டும், 12.0-க்குக் கீழே போயிருந்தால் அதற்கு விடைகொடுத்துவிடலாம்.

மூன்றாவது பேட்டரி ஏன் வேண்டாம் என்பது இப்போது விளங்கியிருக்கும். இளைத்த இரண்டோடு புதியதை இணைத்தால் பழையவை புதியதையும் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். அது போக, கூரையிலிருந்து வரும் வரவு மாறவில்லை. பெரிய குடத்தை வைத்தால் குழாயில் தண்ணீர் கூடுதலாக வராது.

அந்த வரவு எவ்வளவு? நம் நாட்டில் ஒரு நாளைக்கு முழு வெயில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் அடிப்பதாகக் கணக்கிடுவது வழக்கம். 300 வாட்டை 4.5-ஆல் பெருக்கி, வெப்பம், தூசு, ஒயர், கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் முப்பது விழுக்காடு கழித்தால் 945 வாட்-மணி. இரவுச் செலவு 480, பகலில் ஃபிரிட்ஜுக்கும் விசிறிக்கும் ஏறக்குறைய அதே அளவு. வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கிறது, மிச்சம் இல்லை. மேகம் மூடிய நாளில் வரவு கால் பங்காகக்கூட இறங்கும். இதில் கூரை ஏர்கோன் போடலாமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். 600 வாட் ஏர்கோன் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 5,000 வாட்-மணி. அதற்குப் பேச்சே வேண்டாம்.

வெப்பம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வண்டி கட்டுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட், 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. பிற்பகல் ஒன்றரை மணிக்கு வேன் கூரையில் தகடு 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். டிகிரிக்கு 0.35 விழுக்காடு என்று கொண்டால் நாற்பது டிகிரிக்கு 14 விழுக்காடு அப்படியே போய்விடுகிறது. தகட்டைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தாங்கியில் பொருத்தினால் காற்றோடி ஓரளவு தணியும். இதே காரணத்தால்தான், தகட்டின் கூடுதல் வோல்ட்டேஜையும் மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலருக்கு மாறினால் முப்பது விழுக்காடு கூடும் என்ற விளம்பரத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. குளிர் நாட்டில் தகட்டின் வோல்ட்டேஜ் உயர்ந்து நிற்கும், எம்பிபிடிக்கு அறுவடை செய்ய ஏதோ இருக்கும். இங்கே சூட்டில் 18 வோல்ட் தகடு 15.5-க்கு இறங்கிவிடுகிறது, உங்கள் அமைப்பில் கிடைக்கக்கூடிய கூடுதல் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வீட்டுக் கூரைக்கான, 30 வோல்ட்டுக்கு மேற்பட்ட பெரிய தகடுகளை வாங்குவதானால் மட்டும் எம்பிபிடி கட்டாயம். பிடபிள்யூஎம்மில் அவற்றின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகும்.

பேட்டரிக்கும் வெப்பம் பகைதான். மூடிய பின்னிருக்கைப் பெட்டிக்குள் 40 டிகிரி இருந்தால், ஏஜிஎம்முக்கு 14.4 என்பது அதிகம். டிகிரிக்கு 24 மில்லிவோல்ட் வீதம் குறைத்து 14.0 அளவில் கொடுக்கவேண்டும். வெப்ப உணரி இணைக்கும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதன் முனையைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், சுவரில் தொங்கவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரியின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய விதி. நம் ஊரில் அதைத் தினந்தோறும் பார்க்கலாம்.

நிழலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தெலுக் பஹாங்கில் மர நிழல் தேடி நிறுத்தியிருப்பீர்கள். அந்த வெயிலில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் 36 செல்கள் கொண்ட தகட்டில் ஒரு தென்னங்கீற்றின் நிழல் இரண்டு செல்களை மறைத்தாலே, நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு அந்தப் பாதியை ஒதுக்கிவிடும். மீதிப் பாதி தரும் 9 வோல்ட் 12 வோல்ட் பேட்டரிக்குள் நுழையவே முடியாது. அதாவது அந்தத் தகடு ஏறக்குறைய முழுவதுமாக வேலைநிறுத்தம் செய்கிறது. இரண்டையும் பக்க இணைப்பில் போட்டிருப்பதால் மற்றது தப்பிக்கிறது. கூரை விசிறியின் மூடி தரும் நிழலும் இடம் மாறும்: ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே, டிசம்பரில் தெற்கே. ஆண்டு முழுவதும் ஒரே திசையில் நிறுத்துவது பழக்கமாகிவிட்டால் அரை ஆண்டு நட்டம்.

எந்த மாதத்தில் பயணம் என்பதும் கணக்கில் வரவேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் வானம் பெரும்பாலும் தெளிவு. தைப்பூசத்தையொட்டித் தண்ணீர்மலைப் பக்கம் வந்தால் இதே தகடும் இதே பேட்டரியும் குறையே தெரியாமல் ஓடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வந்தால் மழை. சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது உங்களுக்கே தெரியும். அங்கே மூன்று மணிக்குள் சேர்த்ததுதான் சேமிப்பு.

ஆகவே செலவை வெயில் இருக்கும் நேரத்துக்கு நகர்த்துங்கள். 500 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் இன்வர்ட்டர் இழப்போடு 280 வாட்-மணி. இரவு எட்டு மணிக்கு வைத்தால் அது முழுவதும் பேட்டரியின் தலையில் விழும், பகல் ஒரு மணிக்கு வைத்தால் மூன்றில் ஒரு பங்கையாவது தகடே தாங்கும். ஃபிரிட்ஜின் குளிர் அளவை நண்பகலில் கூட்டி இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து, மாலையில் அளவைத் தணித்துவிட்டால் இரவில் கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறையும். என் துணைவியார் கண்டுபிடித்த வழி இது. எந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு மிச்சப்படுத்தியதில்லை.

மழை நாளுக்கு உண்மையான காப்பீடு எஞ்சின். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர், தாப்பாவில் தேநீருக்கு நின்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் ஓடுகிறது. எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து, வண்டி ஓடும்போதே பேட்டரியை நிறைக்கும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டிருந்தால் அந்தப் பயணத்திலேயே 80 ஆம்பியர்-மணி வரை ஏறியிருக்கும். பேட்டரி நிறைந்த நிலையில் வந்து இறங்கியிருப்பீர்கள். நீங்கள் வாங்கவேண்டிய முதல் பொருள் எது என்று கேட்டால், ஒயருக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

லித்தியம் நல்லதுதான், பேட்டரிகள் சோதனையில் தேறாவிட்டால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்றை வாங்குங்கள். ஏஜிஎம்மில் பாதியை மட்டுமே எடுக்கவேண்டும், இதில் எண்பது தொண்ணூறு விழுக்காடு எடுக்கலாம். ஆகவே அது உங்கள் பழைய இரண்டுக்கும் ஏறக்குறைய ஈடாகும். ஆனால் கன்ட்ரோலரில் அமைப்பை மாற்றாமல் மாட்டிவிடாதீர்கள். அப்ஸார்ப்ஷன் 14.2, ஃப்ளோட் 13.5, வெப்ப ஈடு வேண்டாம், ‘ஈக்வலைஸ்’ கண்டிப்பாக அணைத்திருக்கவேண்டும். பழைய கன்ட்ரோலர் ஈக்வலைஸ் என்று வோல்ட்டேஜை ஏற்றினால் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றான பிஎம்எஸ் தற்காப்புக்காகத் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்; அந்த நொடியில் தகட்டின் 20 வோல்ட் நேராக விளக்குகளுக்குப் போய்ச் சேர்ந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஆல்டர்னேட்டரோடு நேரடியாகவும் இணைக்கக்கூடாது. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இன்னொன்று, லித்தியத்தில் வோல்ட்டேஜைப் பார்த்து இருப்பை அறியமுடியாது; எண்பது விழுக்காட்டிலும் நாற்பது விழுக்காட்டிலும் ஏறக்குறைய 13.2 தான் காட்டும். ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டர் அவசியம். கீழ்த்தளத்தில் நிறுத்தும்போது ஏஜிஎம்மை நிறைத்து வைக்கவேண்டும், லித்தியத்தைப் பாதி அளவில் வைக்கவேண்டும்.

ஒயரை மாற்றும்போது இரண்டு காரியங்களில் கவனம் தேவை. பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டும். கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடுவே உள்ள ஒயரைக் காப்பின்றி விடுவது நெருப்புக்கு வழி. கழற்றும்போது முதலில் தகட்டின் இணைப்பு, பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. வரிசை மாறினால் கன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று குழம்பித் தவறான அமைப்பில் உட்கார்ந்துவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே வெயிலில் எடுத்து நிறுத்தி, 12 மணி வாக்கில் கன்ட்ரோலர் முனையிலும் பேட்டரி முனையிலும் அந்த இரண்டு அளவுகளை எடுத்து அனுப்புங்கள். முந்தைய இரவு விசிறியை ஓடவிட்டுப் பேட்டரியைச் சற்று இறக்கி வைத்திருந்தால்தான் அளவு சரியாக வரும். நிறைந்த பேட்டரியில் மின்னோட்டம் இருக்காது, ஒயரின் குறையும் தெரியாது.